எண்ண முடியாத நத்தைகளை எண்ணுவது எப்படி?

ஒரு தோட்டத்தில் எத்தனை நத்தைகள் இருக்கின்றன? ஒன்றுவிடாமல் பிடித்து எண்ணுவது நடக்கிற காரியமில்லை. ஆனால் சிலவற்றைப் பிடித்துக் குறியிட்டு விட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை பிடித்தால் மொத்தத்தை மதிப்பிடலாம். முதல்முறை செய்து பார்க்க நத்தைதான் நல்லது. கையால் பிடிக்கலாம், கடிக்காது.

படி 1: ஈரமான ஓர் இரவில் தோட்டம் முழுக்கத் தேடிப் பிடியுங்கள். ஒரே மூலையில் பொறுக்க வேண்டாம். 50 கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: ஓட்டில் மட்டும் நகப்பூச்சால் சிறு புள்ளி வையுங்கள், உடலில் படவே கூடாது. பளிச்சென்ற நிறம் வேண்டாம். பறவையின் கண்ணில் பட்டு நத்தை இரையாகிவிட்டால் கணக்கும் கெடும், நாமே அதைக் கொன்றதாகவும் ஆகும். பூச்சு காய்ந்ததும் பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

படி 3: சில நாள் பொறுங்கள். குறியிட்டவை மற்றவற்றோடு கலக்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் விட்டால் புதியவை பிறக்கும், பழையவை சாகும்.

படி 4: மறுபடி அதே போலப் பிடியுங்கள். இம்முறை 40 கிடைத்தன, அவற்றில் 8இல் புள்ளி இருக்கிறது என்போம்.

சரி, இப்போது கணக்கு. பிடித்ததில் ஐந்தில் ஒன்று குறியுள்ளது என்றால் முழுக் கூட்டத்திலும் ஏறக்குறைய அதே பங்குதான் இருக்கும். குறியிட்டவை 50. அப்படியானால் மொத்தம் 50 × 40 ÷ 8 = 250.

இதற்கு லிங்கன்–பீட்டர்சன் முறை என்று பெயர். டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களுக்குக் குறியிட்டார். அமெரிக்காவின் லிங்கன் 1930இல் வாத்துகளின் கால்வளையங்களை வைத்துக் கணக்கிட்டார்.

குறியுள்ளவை 8க்குப் பதிலாக 2 மட்டும் கிடைத்திருந்தால்? விடை 1,000. ஒன்றே ஒன்று என்றால் 2,000! ஒரு நத்தை கூடினாலோ குறைந்தாலோ விடை இப்படித் தாவினால் அதை நம்ப முடியாது. அதனால் முதல் நாளே நிறையக் குறியிடுங்கள். அந்த உழைப்பு வீண்போகாது. குறியுள்ளவை குறைவாகக் கிடைக்கும்போது புள்ளியியலாளர் சாப்மன் 1951இல் தந்த திருத்தம் உதவும்: மூன்று எண்களிலும் ஒன்று கூட்டிக் கணக்கிட்டு, விடையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நம் முதல் கணக்குக்கு (50, 40, 8) இது (51 × 41 ÷ 9) − 1, அதாவது சுமார் 231.

தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பாருங்கள். புள்ளி அழிந்தாலோ குறியிட்டவை மட்டும் அதிகம் செத்தாலோ விடை உண்மையைவிடப் பெரிதாக வரும். பொறி வைத்து எலி பிடிப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: இரைக்காக அதே எலி திரும்பத் திரும்ப வந்தால் விடை சிறுக்கும், பயந்து ஒதுங்கினால் பெருக்கும்.

அப்புறம், குறிப்பேட்டில் வெறும் 231 என்று எழுதிவிடாதீர்கள். இந்த எண்களுக்கு 95 சதவீத நம்பிக்கை எல்லை, அதாவது உண்மையான எண் பெரும்பாலும் அடங்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய 116 முதல் 347 வரை போகிறது. அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.