ஒரே கட்டத்துக்குள் பல மதிப்புகள்: எந்த இணை எத்தனை முறை வருகிறது என்று எக்செலில் எண்ணுவது எப்படி?

ஒரு நூல் பட்டியலில் ‘எண்’, ‘வகை’ என இரண்டு நெடுவரிசைகள் இருப்பதாகவும், வகை நெடுவரிசையில் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வகைகள் அரைப்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருப்பதாகவும் கொள்வோம்.

1 – வரலாறு;பயணம்;அரசியல்
2 – பயணம்; வரலாறு
3 – அறிவியல்;வரலாறு
4 – அரசியல்;வரலாறு;வரலாறு

எந்த இரண்டு வகைகள் எத்தனை நூல்களில் சேர்ந்து வருகின்றன என்பதே நமது கேள்வி. குறிப்பிட்ட ஓர் இணையை மட்டும் எண்ணுவதற்கு, இருபுறமும் நட்சத்திரக் குறியிட்ட இரண்டு நிபந்தனைகளுடன் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரத்தை எழுதினால் போதும். ஆனால் அச்சூத்திரம் ‘கலை வரலாறு’ என்ற வேறொரு வகையையும் ‘வரலாறு’ என்றே கணக்கில் சேர்த்துவிடும். எல்லா இணைகளையும் அறிய வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சூத்திரமும் தேவைப்படும். ஆகவே, எக்செல் 2016 முதல் உள்ளேயே அமைந்துள்ள, தரவைப் பிரித்துச் சீராக்கும் கருவியான பவர் கொயரியைப் பயன்படுத்துவதே நல்லது.

முதல் படி: பிரித்தல்

பட்டியலுக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பகுதியில் உள்ள ‘ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்’ பொத்தானை அழுத்தினால் பவர் கொயரி சாளரம் திறக்கும். உங்கள் பட்டியலில் எண் நெடுவரிசை இல்லையென்றால், ‘ஆட் காலம்’ பகுதியில் ‘இண்டெக்ஸ் காலம்’ மூலம் அதை இப்போதே சேர்த்துவிட வேண்டும். பிரித்த பிறகு சேர்த்தால் எந்த மதிப்பு எந்த நூலுக்குரியது என்ற தொடர்பு அறுந்துபோகும். அடுத்து வகை நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ‘ஸ்ப்ளிட் காலம்’, ‘பை டிலிமிட்டர்’ எனச் சென்று அரைப்புள்ளியைக் குறிப்பிட்டு, ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதன் கீழ் ‘ரோஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வரிசைகள் இப்போது பத்தாகும்.

இரண்டாம் படி: தூய்மைப்படுத்தல்

விடை தவறாகிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவசரப்படாமல் செய்ய வேண்டிய படியும் இதுவே. இரண்டாம் நூலில் அரைப்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி இருப்பதால், ‘ வரலாறு’ என்பதும் ‘வரலாறு’ என்பதும் இரு வேறு மதிப்புகளாகவே கருதப்படும். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ பகுதியில் ‘ஃபார்மட்’, ‘டிரிம்’ என அழுத்தினால் அந்த இடைவெளி நீங்கும். வரியின் இறுதியில் அரைப்புள்ளி இருந்தால் வெற்று வரிசை ஒன்று உருவாகியிருக்கும். அதை வடிகட்டி நீக்கிவிடுங்கள். பிறகு எண், வகை ஆகிய இரண்டு நெடுவரிசைகளையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்கில் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ கொடுத்தால் நான்காம் நூலில் இருமுறை வந்த ‘வரலாறு’ ஒன்றாகி, ஒன்பது வரிசைகள் எஞ்சும். வகையை மட்டும் தேர்ந்தெடுத்து இதைச் செய்தால் பட்டியலே பாழாகிவிடும்.

தமிழ்த் தரவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; பவர் கொயரிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரே வகை இருமுறை பட்டியலில் தோன்றினால், ‘ரிப்ளேஸ் வேல்யூஸ்’ மூலம் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: இணைகளை உருவாக்கல்

‘ஹோம்’ பகுதியில் ‘மெர்ஜ் கொயரீஸ்’ திறந்து, கீழ்ப்பகுதியிலும் இதே வினவலைத் தேர்ந்தெடுத்து, இரண்டிலும் எண் நெடுவரிசையைச் சொடுக்கி, ‘இன்னர்’ வகை இணைப்பைக் கொடுங்கள். புதிய நெடுவரிசையின் தலைப்பில் உள்ள அம்புக்குறியை அழுத்தி, வகையை மட்டும் விரித்து, அதற்கு ‘இணைவகை’ எனப் பெயரிடுங்கள். இப்போது 21 வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு வகையும் தன்னோடும் சேர்ந்திருக்கும், ஒவ்வோர் இணையும் முன்பின்னாக இருமுறை வந்திருக்கும். இவற்றைக் களைய, ‘கஸ்டம் காலம்’ ஒன்றில் கீழ்க்காணும் ஒப்பீட்டை எழுதுங்கள்.

= [வகை] < [இணைவகை]

விடை ‘ட்ரூ’ என்று வரும் வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு எஞ்சும். எது முன், எது பின் என்பதை எழுத்து வரிசை முடிவு செய்துவிடுவதால், ‘பயணம்–வரலாறு’, ‘வரலாறு–பயணம்’ என்ற குழப்பத்துக்கு இனி இடமில்லை.

நான்காம் படி: எண்ணுதல்

வகை, இணைவகை இரண்டையும் தேர்ந்தெடுத்து, ‘குரூப் பை’ திறந்து, ‘கவுண்ட் ரோஸ்’ கொடுங்கள். அரசியல்–வரலாறு 2, பயணம்–வரலாறு 2, அரசியல்–பயணம் 1, அறிவியல்–வரலாறு 1 என விடை கிடைக்கும். நான்காம் நூலின் இரட்டிப்பை நீக்காமல் விட்டிருந்தால் முதல் இணை 3 எனத் தவறாக வந்திருக்கும். ‘குளோஸ் அண்ட் லோட்’ அழுத்தினால் முடிவு புதிய தாளில் வந்து சேரும். மூலப் பட்டியல் மாறும்போது ‘ரெஃப்ரெஷ் ஆல்’ கொடுத்தால் போதும்.

மும்மூன்றாக எண்ண விரும்பினால், மூன்றாம் படியை இன்னொரு முறை செய்து, ‘இணைவகை’யைவிட மூன்றாவது வகை எழுத்து வரிசையில் பின்வர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரே கட்டத்தில் 20 மதிப்புகள் இருந்தால் அந்த ஒரு வரிசையே 190 இணைகளையும் 1,140 மும்மைகளையும் தரும் என்பதால், பெரிய பட்டியல்களில் அரிதாக வரும் வகைகளை முதலிலேயே வடிகட்டிவிட்டு இதைத் தொடங்குங்கள்.