சொல்லாமல் நடந்து போகிறவர்கள்: படத்தின் கடைசி விலகலைப் படிப்பது எப்படி?

படம் முடியப் போகிறது. வில்லன் செத்தாயிற்று, இனி இரண்டு பேரும் சேர வேண்டியதுதான் பாக்கி என்று நாம் சாய்ந்து உட்காரும் நேரத்தில், அவள் ஒரு வார்த்தை பேசாமல் அவனைக் கடந்து போய்விடுகிறாள். திரை இருட்டாகிறது. அப்புறம் தொடங்கும் நண்பர்களோடு விவாதம். ஒருவர் காதல் தோல்வி என்பார், ஒருவர் திமிர் என்பார், இன்னொருவர் “அது இயக்குநருக்கே தெரியாது” என்று முடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட முடிவை ஊகத்தால் அல்லாமல் படத்துக்குள்ளிருந்தே படிக்கப் பழகுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு படம்: 1949இல் கரோல் ரீட் இயக்கத்தில், கிரஹாம் கிரீன் திரைக்கதையில் வந்த ‘தி தேர்ட் மேன்’. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள், கறுப்பு வெள்ளைதான், ஆனால் ஒரு நிமிடம்கூட அலுக்காது.

கதை இவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த வியன்னா. நகரத்தை நான்கு வல்லரசுகள் பங்கு போட்டு ஆள்கின்றன. மலிவு விலைக் கௌபாய் நாவல்கள் எழுதும் ஹாலி மார்ட்டின்ஸ் என்ற அமெரிக்கர், நண்பன் ஹாரி லைம் வேலை தருகிறான் என்று நம்பி வந்து சேர்கிறார். வந்த அன்றே ஹாரியின் சவ அடக்கம். பிறகுதான் தெரிகிறது, ஹாரி சாகவில்லை. கலப்படப் பெனிசிலினைக் கள்ளச் சந்தையில் விற்று, குழந்தைகளின் சாவுக்குக் காரணமாகிவிட்டு ஒளிந்திருக்கிறான். அவனுடைய காதலி அன்னா, நாடக நடிகை. ஹாலி அவள்மேல் ஆசைப்படுகிறார். கடைசியில் போலீசோடு சேர்ந்து, பாதாளச் சாக்கடையில் ஹாரியைச் சுடுவதும் ஹாலியேதான். இரண்டாவது முறையாகச் சவ அடக்கம், இந்த முறை நிஜமானது. அதை முடித்து வரும் அன்னாவுக்காக ஹாலி காத்திருக்கிறார். அவள் நிற்கவில்லை.

படி 1: பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடைசி ஷாட்டில் கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டும் எழுதுங்கள். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது. “கோபமாக நடந்தாள்” என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அது பார்த்தது இல்லை, நினைத்தது.

நம் படத்தில் என்ன தெரிகிறது? வியன்னாவின் மத்தியக் கல்லறைத் தோட்டம். இரு பக்கமும் மரங்கள், நடுவே நேரான நீண்ட சாலை. இலைகள் உதிர்கின்றன. ஹாலி ஓரமாக ஒரு மர வண்டியில் சாய்ந்து நிற்கிறார். தூரத்தில் புள்ளியாகத் தெரியும் அன்னா நடந்து வருகிறாள். கேமரா நகரவில்லை, இடையில் வேறு ஷாட்டுக்கு வெட்டுவதும் இல்லை. அவள் நெருங்கி வந்து, ஹாலியைக் கடந்து, கேமராவையும் கடந்து ஃப்ரேமை விட்டு வெளியே போகிறாள். தலை திரும்பவில்லை. ஹாலி சிகரெட் பற்றவைத்துத் தீக்குச்சியை எறிகிறார். வசனம் கிடையாது. அன்டன் கராஸ் வாசிக்கும் ஸிதர் என்ற தந்தி வாத்தியம் மட்டும் ஒலிக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் மேல் இவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் ஒன்று புலப்படும். நாம் ‘திடீரென்று போய்விட்டாள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது திடீரே இல்லை. அவள் வருவதற்கு இயக்குநர் தாராளமாக நேரம் கொடுக்கிறார். நிற்பாள் என்று எதிர்பார்த்தது நாம். திடீர்த்தன்மை இருப்பது நம் எதிர்பார்ப்பில்.

படி 2: யார் கண்ணால் பார்த்தோம்?

அந்த எதிர்பார்ப்பை யார் நமக்குள் வைத்தது? படத்தைத் தொடங்கியதிலிருந்து நாம் ஹாலியின் பக்கத்திலேயே இருக்கிறோம். அவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும், அவர் ஆசைப்படுவதற்கே நாமும் ஆசைப்படுகிறோம். ஆகவே அன்னா போகும்போது கைவிடப்பட்டது நாம்தான் என்று தோன்றுகிறது. பெரும்பாலான தவறான விளக்கங்கள் இங்கேதான் பிறக்கின்றன. போகிறவரைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, நிற்கிறவரின் வருத்தத்தையே பேசிக்கொண்டிருப்போம்.

படி 3: போகிறவருடைய படத்தைத் தனியாகப் பாருங்கள்

வேலை அதிகம் உள்ள படி இது. படத்தை மறுபடி ஓட்டி, அன்னா வரும் காட்சிகளில் மட்டும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்விகள்: அவளிடம் யார் என்ன கேட்கிறார்கள்? அவள் என்ன பதில் தருகிறாள்?

அவள் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தவள். ஆஸ்திரியப் பாஸ்போர்ட் போலி, அதை ஏற்பாடு செய்து தந்தது ஹாரி. விஷயம் வெளிவந்தால் ரஷ்யர்கள் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள். போலீஸ் வந்து பாஸ்போர்ட்டையும் காதல் கடிதங்களையும் எடுத்துப் போகிறது. அவள் படுக்கையில் அணிந்திருக்கும் பைஜாமாவில் ஹாரியின் பெயரெழுத்துகள். ஹாலியைக் கூப்பிடும்போதே வாய் தவறி ஹாரி என்கிறாள், அதுவும் ஒரு முறையோடு நிற்பதில்லை.

பெனிசிலின் விவகாரம் தெரிந்த பிறகு, ஒருவரைப் பற்றி நமக்குக் கூடுதலாகத் தெரிந்துவிட்டதால் அந்த மனிதர் மாறிவிடுவதில்லை என்ற பொருளில் ஒன்று சொல்கிறாள். குடித்துவிட்டுப் பூங்கொத்தோடு வந்து நிற்கும் ஹாலியிடம், உங்கள் முடி கறுப்பா வெளிறியதா, மீசை உண்டா இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால்கூட எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது என்கிறாள். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? நாம்தான் காதில் வாங்கவில்லை. (அதே காட்சியில் அவள் வீட்டுப் பூனைகூட ஹாலியைச் சட்டை செய்யாமல், ஜன்னல் வழியாகக் குதித்துப் போய் இருட்டில் நிற்கும் ஹாரியின் காலடியில் உட்காருகிறது. கடைசி ஷாட்டுக்கு ஒத்திகை என்றே எனக்குப் படுகிறது.)

பிறகு ரயில் நிலையம். அன்னாவை ரஷ்யர்களிடம் ஒப்படைக்காமல் பத்திரமாக அனுப்பிவைத்தால் ஹாரியைப் பிடிக்க உதவுகிறேன் என்று போலீஸ் மேஜர் கேலோவேயோடு ஹாலி பேரம் பேசியிருக்கிறார். அவளுக்குத் தெரியாமல் ரயிலேற்றிவிடப் பார்க்கிறார்கள். அவர் ஒளிந்து பார்ப்பதை அவள் கண்டுபிடிக்கிறாள், விஷயம் புரிகிறது. ஹாரி இனி எனக்கு வேண்டாம், ஆனால் அவனுக்குக் கெடுதலாக நான் எதையும் செய்ய மாட்டேன் என்கிறாள். ரயில் அவள் இல்லாமல் போகிறது.

கடைசியாகக் காபிக் கடை. ஹாரிக்காகத் தூண்டிலில் புழுவாக உட்கார்ந்திருக்கிறார் ஹாலி. அவள் வந்து, இந்த முறை உங்கள் விலை என்ன என்று கேட்கிறாள். விலை எதுவும் இல்லை என்கிறார்.

படி 4: இதே காட்சி முன்பு எங்கே வந்தது?

முடிவுக்கான சாவி பல நேரம் தொடக்கத்திலேயே கிடக்கும். இங்கே அது வெளிப்படையாகவே இருக்கிறது: முதல் சவ அடக்கம். அன்றும் கேலோவேயின் வண்டியில் ஹாலி ஏறிக்கொள்கிறார், அன்றும் அன்னா அந்தச் சாலையில் தனியே நடந்து போகிறாள், வண்டி அவளைக் கடந்து போய்விடுகிறது. கடைசியில் மறுபடியும் அதே வண்டி, அதே நடை. ஒரு வித்தியாசம், ஹாலி இறங்கிக்கொள்கிறார். மாறியது ஹாலி. அன்னா முதல் நாள் எப்படி நடந்தாளோ அப்படியேதான் நடக்கிறாள்.

கேமராவையும் கவனியுங்கள். படம் முழுக்க ராபர்ட் கிராஸ்கரின் ஒளிப்பதிவு சாய்ந்தே நிற்கும், சுவரும் வாசலும் சரிந்து தெரியும். அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த வேலை அது. ஆனால் இந்தக் கடைசி ஷாட்டில் எல்லாம் நேராக நிற்கிறது. முழுப் படத்திலும் குழப்பமே இல்லாத நடை அவளுடையது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

படி 5: எந்தக் கேள்விக்கு இந்தப் பதில்?

இப்போது விளக்கம் சொல்லலாம். அவள் போவதை ஒரு பதிலாக வைத்துக்கொண்டு, அதற்கான கேள்வியைத் தேடுங்கள்.

என் விளக்கம் இது. இந்தப் படத்தில் இரண்டு ஆண்களும் அன்னாவை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். ராட்சத ராட்டினத்தில் ஹாரியும் ஹாலியும் பேசிக்கொள்ளும்போது ஒன்று வெளிப்படுகிறது. ரஷ்யப் பகுதியில் தனக்குப் பாதுகாப்பு கிடைப்பதற்காக, அன்னாவைப் பற்றி ரஷ்யர்களுக்குச் சொன்னதே ஹாரிதான். ஒருவன் அவளை விற்றுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். இன்னொருவர் நண்பனை விற்று அவளைக் காப்பாற்றப் பார்த்தார். இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை. கடைசிச் சாலையில் ஹாலி காத்து நிற்பது, அவர் வாய் திறக்காவிட்டாலும், கொடுத்த விலைக்குக் கூலி கேட்டு நிற்பது போலத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் காபிக் கடையிலேயே விலையைப் பற்றிக் கேட்டுவிட்டாள். நடை அதற்கு அடுத்த வரி.

படி 6: உங்கள் விளக்கத்தை நீங்களே அடித்துப் பாருங்கள்

விளக்கம் கிடைத்த சந்தோஷத்தில் நிறுத்திவிடக் கூடாது. அதற்கு ஒத்துவராத காட்சி எது என்று தேடுங்கள். கட்டாயம் ஒன்றாவது இருக்கும்.

எனக்கு இடிக்கும் காட்சிகள் இரண்டு. ஒன்று, காபிக் கடையில் ஹாரி நுழைந்ததும், ஓடிவிடு என்று அவள் எச்சரிக்கிறாள். பேரத்தை மறுப்பது வேறு, குழந்தைகளின் சாவுக்குக் காரணமானவனைத் தப்பவைப்பது வேறு. ஆக, வெறும் சுயமரியாதை என்று அவள் நடையை விளக்கிவிட முடியாது. அதில் காதலும் இருக்கிறது, நியாயம் பார்க்காத காதல். இரண்டு, குழந்தைகள் மருத்துவமனை. அன்னா ரயிலேற மறுத்ததும் ஹாலி பேரத்திலிருந்து பின்வாங்கிவிடுகிறார். கேலோவே அவரை அந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் முகத்தைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை, பார்க்கிறவர்களின் முகம்தான் தெரிகிறது. அதற்குப் பிறகே அவர் மறுபடி சம்மதிக்கிறார். அதாவது இரண்டாவது முறை நிஜமாகவே விலை இல்லை. அன்னா அந்த வார்டைப் பார்க்கவில்லை, நாமும் ஹாலியும் பார்த்தோம்.

அப்படியானால் அவள் ஹாலிக்கு அநியாயம் செய்கிறாளா? ஓரளவு ஆமாம். ஹாலி செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் சரியானதைச் செய்தவருக்கு அந்தப் பெண் கிடைத்தே ஆக வேண்டும் என்பது சினிமா நமக்குப் பழக்கிவிட்ட கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இந்தப் படம் தீர்த்துக் கொடுக்க மறுக்கிறது.

படி 7: வெளியே கிடைக்கும் தகவல், கடைசியில்

பேட்டி, முன்னுரை, முதல் வரைவு இவற்றையெல்லாம் உங்கள் விளக்கத்தை எழுதிய பிறகே படியுங்கள். முன்னாலேயே படித்தால் கண் அதையே தேடும்.

இங்கே சுவையான தகவல் ஒன்று உண்டு. திரைக்கதைக்கு அடித்தளமாக கிரீன் முதலில் ஒரு குறுநாவல் எழுதினார். அதில் இருவரும் கைகோத்துக்கொண்டு போகிறார்கள். ரீட் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு நீளமான நடையைப் பார்வையாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பார்களா என்பது கிரீனின் கவலை. குறுநாவலைப் பின்னர் வெளியிட்டபோது, ரீட் சொன்னதே சரி என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். எழுதியவரே முதலில் வேறு முடிவை நினைத்திருந்தார் என்றால், ‘ஆசிரியர் என்ன நினைத்தார்’ என்ற கேள்விக்கு எவ்வளவு எடை தரலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு

ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் தேடிய பெண்ணை வீடு சேர்த்துவிட்டு, கதாநாயகன் ஈதன் வாசல்படி தாண்டாமல் திரும்பிப் போகிறான், கதவு மூடுகிறது. படி 4க்கு முதல் ஷாட்டைப் பாருங்கள், அங்கே யார் கதவைத் திறக்கிறார்கள் என்று. படி 3க்கு, இறந்து கிடக்கும் கொமான்சி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவனின் கண்களில் ஈதன் எதற்காகச் சுடுகிறான், அதற்கு அவனே சொல்லும் காரணம் என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படி 6க்கு, அவன் உள்ளே வரக் கூடாது என்று அந்த வீட்டில் யாராவது தடுத்தார்களா என்று தேடிப் பாருங்கள்.