தகவல் தொடர்பியலில் வேலை: டெல்டா மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்

தகவல் தொடர்பியல் படிக்கப் போவதாகச் சொன்னால், நம் ஊர்ப் பெரியவர்கள் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் வேலையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நாற்காலிகள் மிகச் சில. அதன் பின்னால் இருக்கும் வேலைகளே அதிகம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் ரகத்தை 1960களில் திருச்சி வானொலி உழவர்களிடம் கொண்டுசேர்த்த விதத்தால், தஞ்சைப் பக்கத்தில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. ஆய்வறிக்கையை வரப்பில் நிற்பவருக்குப் புரியும் பேச்சாக மாற்றும் இந்தத் திறனுக்கு வேளாண் நிறுவனங்களிலும், சமுதாய வானொலிகளிலும், 2004 சுனாமிக்கும் 2018 கஜா புயலுக்கும் பின் நாகைக் கரையோரம் பணியாற்றிய தொண்டு நிறுவனங்களைப் போன்றவற்றிலும் தேவை உண்டு.

உங்களுக்கு எது கைவரும் என்று அறிய ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் மூட்டைகள் தேங்கிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே விஷயத்தை நாளிதழுக்கான செய்தியாகவும், ஒரு நிமிட வானொலி உரையாகவும், ஆட்சியர் அலுவலகம் வெளியிடும் செய்திக்குறிப்பாகவும் எழுதுங்கள். முதலாவது எளிதாக வந்தால் நிருபர் அல்லது துணை ஆசிரியர் பணியையும், இரண்டாவது வந்தால் ஒலிபரப்பையும், மூன்றாவது வந்தால் மக்கள் தொடர்புப் பணியையும் நோக்கிச் செல்லலாம். மூன்றையும் எழுத முடிந்தவருக்கு வேலை தேடும் சிரமம் குறைவு என்பது என் கருத்து.

தாலுகா அளவில் பகுதி நேர நிருபராகச் சேர்வது நல்ல பள்ளிக்கூடம்தான் என்றாலும், அந்த வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அரசு வேலை வேண்டுவோர், செய்தி மக்கள் தொடர்புத் துறைப் பணியிடங்களுக்கான அறிவிக்கைகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, 2009இல் தொடங்கப்பட்ட திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1965இல் டெல்லியில் நிறுவப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தையும் முயலலாம். தனியார் கல்லூரியானால் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், மாணவருக்குக் கேமராவும் ஒலிப்பதிவுக் கூடமும் வாரத்தில் எத்தனை மணி நேரம் கைக்குக் கிடைக்கும் என்று மூன்றாமாண்டு மாணவரிடம் கேளுங்கள். ஆங்கிலத்தில் பிழையின்றி ஒரு பக்கம் எழுதும் பழக்கமும் கூடவே வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது, சான்றிதழ்களுக்கு மேலே நீங்கள் எழுதிய பத்துப் பக்கங்கள் இருக்கட்டும்.