டெல்டாவில் விடுமுறை: ஜிம் இல்லாத ஊரில் உடம்பின் வலுவைக் காப்பது

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஊரில் இருக்கும் மூன்று நான்கு வாரத்தில், ஜிம்மில் சேர்த்த பலமெல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், தசை நிஜமாகவே திணறும் வரை செய்தால் இருப்பது அவ்வளவாகக் குறையாது. தஞ்சாவூர், கும்பகோணம் டவுனில் தங்கினால் ஜிம் கிடைக்கும். உள்ளே கிராமம் என்றால் வீட்டுச் சாமான்தான் கருவி.

தூக்குகிற எடை குறைவாக இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்டாலில் நாலு எண்ணி இறங்கி, கீழே ஒரு நொடி நின்று ஏறிப் பாருங்கள். பத்தாவதிலேயே கை நடுங்கும். போதவில்லையா, காலைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்பெல் ஸ்குவாட்டுக்கு (எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) பதில் ஒற்றைக்கால் ஸ்குவாட்: பின்கால் முழங்கால் உயரத் திண்ணையில், முன்கால் தரையில். முதுகுப்பையில் பத்து கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டால் தொடை எரியும். அரிசிப் பையைக் கால் படுகிற இடத்தில் மட்டும் போடாதீர்கள். பெரியம்மாவுக்கு மனசு கஷ்டப்படும்.

முதுகுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும், இழுக்கிற பயிற்சி வீட்டில் எளிதில் அமையாது. பயணத்தில் கொண்டுவந்த சூட்கேஸ் இதற்குக் கைகொடுக்கும். பாதி நிரப்பி, ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையால் இடுப்பு வரை இழுங்கள். கொல்லையில் வேம்போ புளியமரமோ இருந்தால் தாழ்ந்த தடித்த கிளையில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் எடுக்கலாம். முதலில் தொங்கிப் பார்த்துச் சோதியுங்கள். முருங்கைக் கிளையைத் தொடவே தொடாதீர்கள், சட்டென்று முறியும். கிணற்று ராட்டினக் கட்டையும் வேண்டாம், தவறினால் உள்ளேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வாளி. இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பி, தோள் தொங்காமல், கொல்லைக் கோடி வரை நடந்து தென்னங்கன்றுக்கு ஊற்றிவிட்டு வாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடையைக் கணக்குப் பண்ணுவதும் சுலபம். பிடியும் முதுகும் ஒன்றாக வேலை செய்யும், அப்பாவுக்கும் ஒரு வேலை மிச்சம்.

நேரத்தில் கவனம் தேவை. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். குளிர்நாட்டிலிருந்து வந்த உடம்புக்கு முதல் வாரம் வெயில் பழகாது. உப்புப் போட்ட மோர் குடியுங்கள். மொட்டை மாடியில் செய்தால் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்குத் தொந்தரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடி பாசி பிடித்து வழுக்கும், அப்போது கூடம்தான் சரி. விடிவதற்கு முன் வரப்பில் நடக்கப் போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள், பாம்பு நடமாடும்.

திரும்பிப் போனதும் முதல் வாரம் பழைய எடையைத் தூக்காதீர்கள். கொஞ்சம் குறைத்து ஆரம்பித்து, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.