புட்பால் பிரண்ட்லி மேட்ச்ல இந்தியா எப்பிடி ஆடுச்சின்னு நாமளே பாத்து சொல்லுதது எப்பிடி

புட்பால்ல இந்தியா பிரண்ட்லி மேட்ச், அதாவது எந்த கோப்பைக்கும் தகுதிச்சுற்றுக்கும் சேராம ஆடுத மேட்ச், முடிஞ்சதும் பாளையங்கோட்டை டீக்கடைல ஸ்கோர மட்டும் வச்சு ஒருத்தர் ஆஹா ஓஹோங்காரு, இன்னொருத்தர் இவனுவ வெளங்க மாட்டானுவ வேங்காரு. ஸ்கோர நம்பாதிங்க அண்ணாச்சி. 2025 மார்ச் 19 ஷில்லாங்ல மாலத்தீவ 3-0ன்னு ஜெயிச்சோம், ஓய்வுல இருந்து திரும்பி வந்த பழைய கேப்டன் சுனில் சேத்ரியும் ஒரு கோல் போட்டாரு, எல்லாத்துக்கும் ஒரே சந்தோஷம். ஆறே நாள்ல அதே கிரவுண்டுல வங்கதேசத்தோட ஆசிய கோப்பை தகுதிச்சுற்று, 0-0. இத்தனைக்கும் வங்கதேசம் உலக ரேங்கிங்ல மாலத்தீவுக்கும் கீழ.

அதனால கோல் விழுந்தா எத்தனைன்னு எண்ணாம எப்பிடி வந்துச்சின்னு எழுதி வைங்க. மாலத்தீவு மேட்ச்ல மூணுமே தலையால முட்டுன கோல், அதுல ரெண்டு கார்னர்ல வந்தது. கார்னர் நல்லா போடுததும் திறமைதான், ஆனா பாஸ் பண்ணி பண்ணி எதிராளி டிபென்ஸ பிரிச்சு உள்ள போயி அடிச்சது எத்தனைன்னு தனியா ஒரு கோடு போட்டு பாத்தாதான் அடுத்த மேட்ச்ல என்ன நடக்கும்னு ஒரு பிடி கிடைக்கும்.

ரொம்ப முக்கியமா பாக்க வேண்டியது பந்து நம்ம கைய விட்டு போன உடனே வர்ற அஞ்சாறு செகண்டு. பந்த தொலைச்சவன் அங்கனயே விரட்டுதானா, இல்ல இடுப்புல கைய வச்சு நிக்கானா, நடுவுல ஆடுத ஆளு டிபென்ஸுக்கு முன்னால வந்து வழிய மறிக்கானா, சைடுல ஏறிப்போன டிபென்ஸ் ஆளு திரும்பி ஓடி வாரானா, இதயெல்லாம் கவனிங்க. டிவில கேமரா பந்து பின்னாலயே போயிரும், அதனால கோல் கிக் அடிக்கும்போதும் ரீப்ளே இல்லாத அகலமான ஷாட் வரும்போதும் டிபென்ஸ் லைனுக்கும் மிட்பீல்டுக்கும் எம்புட்டு இடைவெளின்னு டக்குன்னு பாத்துக்கிடணும். உவரி பக்கம் கடற்கரை ஊருகள்ல டோர்னமென்ட் நடக்கும்போது கோல் போஸ்டுக்கு பின்னால நின்னு பாத்து பழகுங்க, அந்த இடைவெளி அங்கன இருந்து பாத்தா பளிச்சின்னு தெரியும், பொறவு டிவிலயும் கண்ணு தானா தேடும்.

ஆள் மாத்த ஆரம்பிச்சதும் நேரத்த குறிச்சுக்கோங்க. பிரண்ட்லில போட்டி மேட்ச விட கூடுதலா ஆள் மாத்தலாம், ரெண்டாம் பாதில பாதி டீமே வேற ஆளா இருக்கும், அதுக்கு மேல டீமோட ஆட்டம்னு தீர்ப்பு சொல்லக் கூடாது, உள்ள வந்த பையன் தனியா எப்பிடி ஆடுதாங்கறத மட்டும் பாத்தா போதும்.

ரேங்கிங் போயிருமேன்னு பயப்படுதவங்களுக்கு: 2018ல இருந்து ரேங்கிங் போடுத உலக புட்பால் சங்கம் பிபா கணக்குல பிரண்ட்லிக்கு 5 இல்லன்னா 10 தான் மதிப்பு, உலகக்கோப்பை தகுதிச்சுற்றுக்கு 25. கோச்சு புதுசா எதயாவது சோதிச்சு பாக்க இத விட்டா வேற மேட்ச் கிடையாது, அதுக்கு அவர திட்டுதது நியாயமே இல்லன்னுதான் நான் சொல்லுவேன். புது பார்மேஷனா (ஆளுகள நிறுத்துத முறை), புது கோல்கீப்பரா, என்னத்த சோதிச்சாருன்னு ஒரு வரி எழுதி வைங்க. அடுத்த தகுதிச்சுற்று மேட்ச்ல மொத பதினோரு பேரு லிஸ்ட் வந்த உடனே அந்த வரிய எடுத்து வச்சு ஒப்பிட்டு பாருங்க.