யுகுலேலேயில் பிக்கப் பொருத்தும் முறை: சேடிலில்தான் சூட்சுமம்

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகம். மின்சாரக் கிட்டாரில் இருக்கும் காந்த பிக்கப் உலோகத் தந்தியின் அசைவை மட்டுமே உணரும். கிட்டார் போன்ற நான்கு தந்திச் சிறு வாத்தியமான யுகுலேலேயில் கட்டியிருப்பது நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் தந்தி; அதை எவ்வளவு மீட்டினாலும் காந்தம் அசைந்து கொடுக்காது. எனவே நமக்கு வேண்டியது பியசோ பிக்கப். தன் மேல் விழும் அழுத்தம் மாறும்போதெல்லாம் அது மின்னழுத்தமாக மாற்றித் தரும். அழுத்தத்தை வைத்து வேலை செய்கிற பொருள் என்பதை மறக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

மலிவான வழி, உள்ளே ஒட்டும் வட்டத் தகடு. வீட்டில் பதிவு செய்ய அது போதும். ஆனால் முழங்கை பெட்டியில் உரசுவது, விரல் மரத்தைத் தட்டுவது எல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும். மேடையில் வாசிக்கிறவர்கள் சேடிலுக்கு (பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய பட்டை) அடியில் வைக்கும் வகையை வாங்குங்கள். அதிலும் வளைந்து கொடுக்கும் பின்னல் கம்பி வகைதான் என் தேர்வு. விறைப்பான குச்சி வகையைவிடப் புதியவர்களின் கைத்தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும். பக்கவாட்டு மரத்தைச் சதுரமாக வெட்டி பேட்டரிப் பெட்டி பொருத்தும் வகையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இருப்பதே சின்னப் பெட்டி, அதில் ஜன்னல் எதற்கு?

வாங்கும் முன் சேடில் பள்ளத்தின் அகலத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். கிட்டாருக்கான பிக்கப்பை வாங்கி நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.

தந்திகளைக் கழற்றியதும் முதல் வேலை, பின்முனையில் ஜாக்குக்கான (ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் செருகும் வாய்) துளை. செல்பேசிக் கேமராவை ஒலித்துளை வழியாக நீட்டி, உள்ளே வால்பகுதியில் மரக்கட்டை இருக்கிறதா, எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோட்டில் புள்ளி வைத்து, 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போடுங்கள். பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்டால், டிரில்லை மெதுவாக ஓட்டி, ஜாக்கின் அளவுக்குப் பெரிதாக்குங்கள். பெரும்பாலும் 12 மி.மீ. அளவில் வரும். சாதாரண 12 மி.மீ. பிட்டை எடுத்த எடுப்பில் வைத்தால் அது மரத்தைக் கவ்வி, மேல்தோலைப் பெயர்த்துவிடும்.

அடுத்து, சேடில் பள்ளத்தின் ஒரு முனையில் ஒயர் உள்ளே இறங்க ஒரு சிறு துளை. அதைச் சாய்வாகப் போடுங்கள். ஒயர் செங்குத்தாக மடிந்தால் அந்த இடத்தில் பிக்கப் தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் தாங்குசட்டம் எதுவும் ஓடவில்லை என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி சேடில். பிக்கப் அடியில் போனால் சேடில் அந்த அளவுக்கு உயரும். ஆகவே பிக்கப்பின் தடிமனை அளந்து, சேடிலின் அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு கிழித்து, அதே அளவைத் தேய்த்து எடுக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் சேடிலை விரலில் பிடித்து உப்புத்தாளில் முன்னும் பின்னும் இழுக்கும்போது கை தன்னை அறியாமல் ஆடும். இரு முனைகளும் கூடுதலாகத் தேய்ந்து நடுப்பகுதி மேடாகிவிடும். பார்வைக்குத் தெரியாத மேடுதான். ஆம்ப்ளிஃபயரில் செருகியதும் நடுவில் உள்ள சி, ஈ தந்திகள் முழங்கும். ஓரத்து ஜி, ஏ தந்திகள் முனகும். பிக்கப் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்கு இதுதான் சிக்கல்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். மூலை செங்கோணமாக உள்ள மரக்கட்டை ஒன்றை அதன் மேல் நிறுத்தி, சேடிலைக் கட்டையின் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்து இரண்டையும் ஒன்றாக நகர்த்துங்கள். சேடிலின் அடியில் பென்சிலால் முழுக்கக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால், கிறுக்கல் எங்கும் ஒரே சமயத்தில் மறைய வேண்டும். கடைசியில் 400 எண் தாள். பிறகு எஃகு அளவுகோலின் விளிம்பில் சேடிலை வைத்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இடையில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் வேலை முடியவில்லை. பள்ளத்தின் தரையையும் மறக்காதீர்கள். தொழிற்சாலைப் பசை, மரத்தூள் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

சேடில் பள்ளத்தில் லேசான விரல் அழுத்தத்துக்கே இறங்க வேண்டும். பக்கங்களில் இறுக்கினால் தந்தியின் அழுத்தம் கீழே போய்ச் சேராது. மெத்தென்ற பிளாஸ்டிக் சேடில் வந்திருந்தால் இந்தச் சாக்கில் எலும்புக்கு மாற்றிவிடுங்கள்.

ஜாக்கை உள்ளிருந்து வெளியே கொண்டுவரக் கை நுழையாது. ஒரு கம்பியைப் பின்துளை வழியாக விட்டு ஒலித்துளையில் எடுத்து, நுனியில் டேப் சுற்றி ஜாக்கின் வாயில் இறுகச் செருகி, வெளியே இழுங்கள். உள்நட்டையும் வாஷரையும் அதற்கு முன்பே மாட்டியிருக்க வேண்டும். வெளிநட்டை முறுக்குமுன் தந்தி கட்டி, சுருதி சேர்த்து, நான்கையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஒன்று மங்கினால் சேடிலை மறுபடி தேயுங்கள்; அடியில் காகிதம் மடித்து வைக்கும் வைத்தியம் நெடுநாள் தாங்காது.

ஒலி தகரம்போல் மெலிந்து வந்தால் கோளாறு யுகுலேலேயில் இல்லை. பியசோவுக்கு 1 மெகா ஓம் அளவில் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) உள்ள உள்ளீடு வேண்டும். மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் பெரும்பாலும் பத்து கிலோ ஓம் சுற்றித்தான் இருக்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபயர், அல்லது இடையில் ஒரு பிரீஆம்ப் (சமிக்ஞையை முன்னதாகவே வலுவாக்கும் சிறு பெட்டி) போதும்.

பிற்சேர்க்கை: சேடிலும் பிரிட்ஜும் (சேடில் உட்காரும் மரப்பகுதி) ஒரே மரத்துண்டாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒட்டும் தகடுதான் வழி. அதில் இரைச்சல் கேட்டால் சால்டரிங் இணைப்பைச் சரிபாருங்கள்: நடுவில் உள்ள வெள்ளி நிறப் பகுதி ஜாக்கின் முனைக்கும், பித்தளை ஓரம் ஜாக்கின் தரை (கிரவுண்டு) இணைப்புக்கும் போக வேண்டும். அந்த நடுப்பகுதியில் சூட்டை அதிக நேரம் வைக்கக் கூடாது. குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் உள்ளே கடகடவென்று அதிர்ந்தால், தொங்கும் ஒயர் மேல்பலகையில் படுகிறது என்று பொருள். ஒட்டும் கிளிப் ஒன்றால் அதைப் பக்கச் சுவரோடு பிடித்து வையுங்கள்.