பழைய கிரெடிட் கார்டு கடனுக்கு சம்மன் வந்தால் என்ன செய்வது?

சென்னை காசிமேட்டில் இருக்கும் என் அத்தை மகனுக்கு சம்மன் வந்தபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டார். பதினெட்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை படம் துடைக்கும்போதுதான் அந்தப் பழுப்பு உறை கீழே விழுந்தது. "நான் வாங்கவே இல்லையே, செல்லாதுதானே?" என்று கேட்டான். பொதுவாகச் செல்லும். நாம் இல்லாத நேரத்தில் நம்மோடு வசிக்கும் வயது வந்த குடும்பத்தார் ஒருவர் வாங்கினாலே போதும். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் அமீனாவுக்கு (சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியர்) வழி உண்டு.

படி 1: வந்திருப்பது என்ன என்று பாருங்கள்

வக்கீல் நோட்டீஸ் வேறு, சம்மன் வேறு. சம்மனில் நீதிமன்றத்தின் பெயர், முத்திரை, வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். வசூல் ஆட்கள் சம்மன் போலவே அச்சடித்த தாளை நீட்டுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணையோ சி.என்.ஆர். எண்ணையோ (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க அடையாள எண்) போட்டுப் பாருங்கள். உறை கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

செக் திரும்பிய வழக்கு என்றால் அது குற்ற வழக்கு. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

படி 2: நாள் எண்ணுங்கள்

சாதாரண உரிமையியல் வழக்கில், சம்மன் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எதிருரை, அதாவது உங்கள் எழுத்துப் பதிலை, தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். "ஆணை 37" என்று சம்மனில் இருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு. அதில் 10 நாட்களுக்குள் ஆஜராகிவிட வேண்டும்.

படி 3: கடன் காலாவதி ஆகிவிட்டதா?

இந்தப் படியில் மட்டும் ஒரு மாலைப் பொழுதையே செலவிடுங்கள். பணம் கட்டத் தவறிய நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வங்கி வழக்குப் போட வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சொல்வது இது. சம்மன் எப்போது வந்தது என்பது இந்தக் கணக்கில் சேராது; வழக்கு தாக்கலான தேதிதான் முக்கியம்.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொரோனாவுக்காக 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியது. அத்தை மகன் கட்டத் தவறியது 2018 ஜூன் நடுவில். 2021 ஜூனில் முடிந்திருக்க வேண்டிய கெடு, இதனால் 2023 ஜூன் தொடக்கம் வரை நீண்டது. வங்கி வழக்குப் போட்டதோ 2024-இல். அந்தத் தேதியைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் கண்டேன்.

ஆனால் கெடு முடிவதற்குள் "கடன் உண்டு" என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருந்தால் மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எழுத்துச் சான்றோடு ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலும் அப்படித்தான். கெடு முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புதிய ஒப்பந்தமாகிவிடும். ஆகவே "ஐந்நூறு ரூபாயாவது கட்டுங்கள், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று தொலைபேசியில் கனிவாகப் பேசுபவரிடம், வக்கீலைப் பார்க்கும் வரை எதற்கும் இணங்காதீர்கள்.

படி 4: வக்கீல்

சென்னை நகர உரிமையியல் நீதிமன்றம் பாரிமுனையில், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. காலடிப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்திலேயே இறங்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீலைத் தரும். 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

படி 5: எதிருரை

பிராதின் (வங்கி தாக்கல் செய்த வழக்கு மனு) ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கார்டு வாங்கியது உண்மை என்றால் அதை மறுக்காதீர்கள். பொய் ஒன்று பிடிபட்டால் மெய்யும் எடுபடாது. தொகையை மறுக்கலாம், வட்டியை மறுக்கலாம், காலாவதியை முதல் பத்தியிலேயே எழுப்பலாம். அத்தை மகன் கட்டாமல் விட்டது 41,000 ரூபாய். பிராதில் இருந்தது 2,36,000. மாதவாரிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், தாமதக் கட்டணத்தின் மீதும் வட்டி ஏறியிருந்தது. கடனை வேறு நிறுவனம் வாங்கியிருந்தால், உரிமை மாற்றிய பத்திரத்தையும் கேளுங்கள்.

சமரசம் வேண்டுமென்றால்

கடன் காலாவதி ஆகவில்லை, தொகையும் சரி என்றால் பேசி முடிப்பதே நல்லது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. அதனால் தொகை, தவணை, "இனி பாக்கி இல்லை" என்ற சான்று ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

தேதி தவறிவிட்டதா?

நீங்கள் போகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டிருந்தால், தீர்ப்பான தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கோரி மனுப் போடலாம். சம்மன் முறையாக வந்து சேரவே இல்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அந்த நாள் எது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும் என்பதால், ஜப்தி நோட்டீஸ் வந்த உறையைக்கூடக் கிழித்துப் போடாதீர்கள்.